சிவப்பணுச் சவ்வின் புரதங்களைப் படமெடுப்பது எப்படி: சூப்பர் ரெசல்யூஷன் நுண்ணோக்கிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிவப்பணுவில் கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியா கிடையாது. உள்ளே ஹீமோகுளோபின், சுற்றி ஒரு சவ்வு, சவ்வின் அடியில் ஸ்பெக்ட்ரின் என்ற புரதத்தின் வலை. அவ்வளவுதான். அதனால் சவ்வுப் புரதங்களைப் பற்றிப் படிக்க வருகிறவர்கள் பலரும் இதை எளிய மாதிரி என்று நினைத்துத் தொடங்குகிறார்கள். பார்க்க எளிதாக இருக்கும் இந்த அணு, படமெடுக்கும்போது தனக்கே உரிய சிக்கல்களைக் கொண்டுவரும். ஹீமோகுளோபின் ஒளியை விழுங்கும், கண்ணாடியைத் தொட்டாலே வடிவம் மாறும், சவ்வில் புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. திரையில் தெரியும் புரதக் கொத்துகளில் பலவற்றை நாமே உண்டாக்கியிருப்போம். சாயம், அதைப் புரதத்தில் ஒட்டவைக்கும் ஆன்டிபாடி, கண்ணாடிப் பூச்சு, கணினிக் கணக்கு என்று ஒவ்வொன்றும் இல்லாத கொத்தை உருவாக்க வல்லவை. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்தக் கவலையை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

சாதாரண ஒளி நுண்ணோக்கியின் எல்லையை எர்ன்ஸ்ட் அபே 1873இல் சொல்லிவிட்டார். ஒளியின் அலைநீளத்தை, லென்ஸின் எண் துளையை (அது ஒளியைச் சேகரிக்கும் திறனின் அளவு) போல் இரண்டு மடங்கால் வகுத்தால் வருவதுதான் பிரித்துக் காணக்கூடிய மிகச் சிறிய தூரம். 670 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 1.49 எண் துளை கொண்ட எண்ணெய் லென்ஸும் இருந்தால் அது சுமார் 225 நானோமீட்டர். இதைத் தாண்டும் சூப்பர் ரெசல்யூஷன் வழிகளைக் கண்டதற்காகத்தான் எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் மூவருக்கும் 2014இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழிகளில் ஒன்று டி-ஸ்டார்ம். சாய மூலக்கூறுகளில் பெரும்பாலானவற்றை அணைத்து வைத்து, ஒரு நேரத்தில் சிலவற்றை மட்டும் மின்ன விட்டு, ஒவ்வொரு மினுக்கலின் மையத்தையும் கணக்கிட்டு, ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து ஒரே படத்தைக் கட்டியெழுப்புவது இதன் முறை. சாதாரண சாயங்களே போதும், கருவியும் ஒப்பளவில் எளிது என்பதால் புதியவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன்.

முதல் படி: பேனாவும் காகிதமும்

ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். மனிதச் சிவப்பணுவின் மேற்பரப்பு ஏறக்குறைய 140 சதுர மைக்ரோமீட்டர். நீங்கள் பார்க்க விரும்பும் புரதம் ஓர் அணுவில் எத்தனை இருக்கிறது என்று தேடி எடுத்து, அதை 140 ஆல் வகுத்தால் ஒரு சதுர மைக்ரோமீட்டரில் எத்தனை என்று தெரியும். அதன் வர்க்கமூலத்தின் தலைகீழ்தான் இரண்டு மூலக்கூறுகளுக்கு இடையிலான சராசரி தூரம்.

சவ்வின் வெளிப்புறம் நீட்டி நிற்கும் கிளைக்கோஃபோரின் ஏ என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அணுவில் ஏறக்குறைய பத்து லட்சம். ஒரு சதுர மைக்ரோமீட்டரில் 7,000க்கும் மேல். சராசரி இடைவெளி 12 நானோமீட்டர். ஓர் ஆன்டிபாடியின் அளவே 10 நானோமீட்டர் இருக்கும். புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடியின் மேல் சாயம் தாங்கிய இரண்டாம் ஆன்டிபாடியை ஏற்றினால் சாயம் உண்மையான இடத்திலிருந்து 20 நானோமீட்டர் வரை தள்ளிப் போகும். எந்த நுண்ணோக்கியை வைத்துக்கொண்டாலும் இந்த முறையில் தனித்தனி கிளைக்கோஃபோரின்களைப் பிரித்துக் காண முடியாது என்பது இரண்டு நிமிடக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. பேண்ட் 3 புரதமும் அதே பத்து லட்சக் கணக்குதான்.

சிடி47 என்ற வெளிப்புறப் புரதம் சில பத்தாயிரம் மட்டுமே. 30,000 என்று வைத்தால் இடைவெளி 68 நானோமீட்டர் வருகிறது. இது டி-ஸ்டார்முக்கு வசதியான தூரம். ஸ்பெக்ட்ரின் வலையின் முடிச்சுகளும் அப்படியே. ஓர் அணுவில் 30,000 முதல் 40,000 ஆக்டின் முடிச்சுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சுமார் ஆறு ஸ்பெக்ட்ரின் இழைகள் வந்து சேர்கின்றன. கணக்குப் போட்டால் முடிச்சுக்கும் முடிச்சுக்கும் 70 நானோமீட்டர் அளவில் வரும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் முப்பரிமாண ஸ்டார்ம் கொண்டு அளந்தபோது கிடைத்ததும் ஏறக்குறைய 80 நானோமீட்டர்தான். காகிதக் கணக்கும் அளவீடும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வருவதுதான் சிவப்பணுவின் பெரிய வசதி. வேறு எந்த அணுவிலும் இவ்வளவு எண்ணிக்கைகள் முன்கூட்டியே தெரிந்திருப்பது அரிது.

முதல் முயற்சிக்கு நான் சொல்வது இதுதான்: வெளிப்புறப் புரதம் வேண்டுமென்றால் சிடி47, உட்புறம் என்றால் பீட்டா ஸ்பெக்ட்ரின். கிளைக்கோஃபோரினையும் கட்டாயம் சாயமேற்றுங்கள், ஆனால் சாயமேற்றும் முறை வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும்.

இரண்டாம் படி: அனுமதியும் பாதுகாப்பும்

மனித ரத்தம் என்றால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதியும், கொடையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். உங்கள் சொந்த ரத்தமாக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட பிறகே ஆய்வகத்தில் ரத்தத்தைத் தொடுங்கள். எல்லா ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே கருதிக் கையாளுவது வழக்கம். இந்தியாவில் இருப்பவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் பொருந்தும். ஊசிக்கு வெள்ளைப் பெட்டி, ரத்தம் பட்ட கண்ணாடிக்கு நீலம், பிளாஸ்டிக் குழாய்க்குச் சிவப்பு. மலேரியா தொற்றிய அணுக்களில் வேலை செய்ய நினைப்பவர்கள் அதற்கான தனி வசதி உள்ள ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாம் படி: ரத்தத்தைக் கழுவுதல்

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாயில் 2 மில்லிலிட்டர் எடுத்தால் தாராளம். அன்றைக்கே பயன்படுத்துங்கள். அணுவுக்கு ஆற்றல் தரும் ஏடிபி தீர்ந்துபோனால் சவ்வில் முட்கள் முளைக்கும். முள்ளின் நுனியில் சவ்வு மடிந்திருப்பதால் அங்கே புரதம் அதிகமாக இருப்பதுபோலத் தெரியும். முதல் பொய்க் கொத்து இங்கேயே பிறந்துவிடுகிறது.

பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில், அதாவது பிஎச் மாறாமல் வைக்கும் பஃபரில், 5 மில்லிமோலார் குளுக்கோஸ் சேருங்கள். மையவிலக்கியில் 500 ஜி விசையில் ஐந்து நிமிடம் சுற்றி, மேலே நிற்கும் பிளாஸ்மாவோடு, அதற்கும் சிவப்பணுக்களுக்கும் இடையில் இருக்கும் வெளிறிய படலத்தையும் பிபெட்டால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். சில சிவப்பணுக்கள் சேர்ந்து போனால் போகட்டும். அந்தப் படலத்தில்தான் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் இருக்கின்றன. வெள்ளணுக்கள் ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பற்றிக்கொள்ளும், அவற்றிலிருந்து வரும் நொதிகள் ஸ்பெக்ட்ரினையும், அதைச் சவ்வோடு இணைக்கும் ஆன்கிரினையும் வெட்டும். மூன்று முறை கழுவுங்கள். மேல்நீர் இளஞ்சிவப்பாக இருந்தால் அணுக்கள் உடைகின்றன என்று அர்த்தம். பஃபரின் உப்பளவைச் சரிபாருங்கள், 290 மில்லி ஆஸ்மோல் அருகில் இருக்க வேண்டும்.

கழுவிய பின் ஒரு துளியை எடுத்துச் சாதாரண நுண்ணோக்கியில் பாருங்கள். நடுவில் குழிந்த வட்டத் தட்டு வடிவம் தெரியவேண்டும். முட்கள் தெரிந்தால் பஃபரில் 0.1 சதவீதம் அல்புமின் சேர்த்துப் பாருங்கள். வெறுங்கண்ணாடியின் அருகே பிஎச் உயர்வதால் வரும் முட்களை அது பெரும்பாலும் தடுத்துவிடும்.

நான்காம் படி: கண்ணாடி

கவர்சிலிப் 0.17 மில்லிமீட்டர் தடிமன், அதாவது 1.5 எண் கொண்டதாக இருக்க வேண்டும். அதிலும் தடிமன் மாறுபாடு குறைந்த 1.5எச் வகையை வாங்குங்கள். 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இருபது நிமிடம் மீயொலியில் அதிரவைத்து (சோனிகேட் செய்து), தூய நீரில் பலமுறை அலசி உலர்த்துங்கள். அழுக்குக் கண்ணாடியில் ஒட்டிய சாயமும் மின்னும். கணினிக்கு அதற்கும் புரதத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

அணு ஒட்டுவதற்குப் பாலி-லைசின் பூசுவார்கள். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பாலி-லைசினுக்கு நேர் மின்னேற்றம். சிவப்பணுவின் மேற்பரப்புக்கு எதிர் மின்னேற்றம், அதில் பெரும்பகுதி கிளைக்கோஃபோரினின் சியாலிக் அமிலத்திலிருந்து வருகிறது. உயிருள்ள அணுவைப் பாலி-லைசின் மேல் உட்கார வைத்தால் அடிச்சவ்வு இழுபட்டுத் தட்டையாகும். எந்தப் புரதத்தின் பரவலை அளக்க வந்தோமோ அதையே கண்ணாடி மாற்றிவிடக்கூடும்.

எனவே வெளிப்புறப் புரதங்களுக்கு நான் விரும்பும் ஒழுங்கு: அணுக்களைத் திரவத்தில் மிதக்கும்போதே நிலைப்படுத்தி (புரதங்கள் அசையாதபடி வேதிப்பொருளால் பிணைத்து), சாயமும் ஏற்றி, கடைசியில் கண்ணாடிமேல் இறக்குவது. இதற்கு ஒரு விலை உண்டு. நிலைப்படுத்திய அணு குழிந்த வடிவத்திலேயே இருப்பதால் விளிம்பு வளையம் மட்டும் கண்ணாடியைத் தொடும், நடுக்குழி அரை மைக்ரோமீட்டருக்கும் மேல் தூக்கி நிற்கும். கண்ணாடியை ஒட்டிய மெல்லிய அடுக்கை மட்டும் ஒளிரவைக்கும் முழு அகப் பிரதிபலிப்பு முறையில், அதாவது டர்ஃபில், வெறும் வளையம்தான் தெரியும். புதியவர்கள் பலர் இதைப் பார்த்து, புரதம் விளிம்பில் குவிகிறது என்று எழுதிவிடுகிறார்கள். அது புரதத்தின் குணம் இல்லை, அணுவின் வடிவம்.

ஐந்தாம் படி: நிலைப்படுத்துதல்

4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு மட்டும் போதும் என்று பல செய்முறைகளில் இருக்கும். சவ்வுப் புரதங்களுக்கு அது போதாது. பாராஃபார்மால்டிஹைடில் வைத்த பிறகும் பல சவ்வுப் புரதங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு கைகள் உள்ள ஆன்டிபாடி வந்து, நகரும் இரண்டு புரதங்களைப் பிடித்துச் சேர்த்தால் அது இரண்டாவது பொய்க் கொத்து. 0.1 முதல் 0.2 சதவீதம் குளூட்டரால்டிஹைடு சேர்த்து, அறை வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஹெமடோகிரிட், அதாவது திரவத்தில் அணுக்களின் கன அளவுப் பங்கு, 1 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், குழாயை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருங்கள்.

குளூட்டரால்டிஹைடால் இரண்டு தொல்லைகள். சில ஆன்டிபாடிகள் பிடிக்கும் இடத்தை அது கெடுத்துவிடும், அதனால் உங்கள் ஆன்டிபாடியை முன்னதாகவே சாதாரண ஃப்ளோரசென்ஸில் சோதித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அது தானாகவே ஒளிரும், ஹீமோகுளோபினோடு சேர்ந்தால் இன்னும் அதிகமாக. புதிதாகக் கரைத்த 0.1 சதவீத சோடியம் போரோஹைட்ரைடில் ஏழு நிமிடம் வைத்தால் குறையும். குமிழி வரும், குழாயை மூடி வைக்காதீர்கள். அப்புறம் 100 மில்லிமோலார் கிளைசினில் பத்து நிமிடம்.

உயிருள்ள அணுவில் கிளைக்கோஃபோரின் ஆன்டிபாடியைச் சேர்த்துப் பார்க்க ஆசை வரும், நேரம் மிச்சம் என்று தோன்றும். வேண்டாம். அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சவ்வே விறைப்பாகிவிடும்.

ஸ்பெக்ட்ரினுக்கு வேறு பாதை

ஸ்பெக்ட்ரின் சவ்வின் உட்பக்கம் இருக்கிறது. டிரைட்டான் என்ற சோப்பு போன்ற பொருள் கொண்டு சவ்வில் துளை போடலாம், ஆனால் துளையிட்ட அணுவுக்குள் ஹீமோகுளோபின் நிலைப்பட்டு அடைத்துக்கொண்டிருக்கும், ஆன்டிபாடி நுழையச் சிரமப்படும். எனக்குப் பிடித்த வழி அணுவின் கூரையைக் கழற்றுவது. இங்கே பாலி-லைசின் தவிர்க்க முடியாதது. உயிருள்ள அணுக்களை அதன்மேல் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, ஒட்டாதவற்றை அலசி, குளிர்ந்த 5 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட் பஃபரை, பிஎச் 8, சிரிஞ்சிலிருந்து சாய்வாகப் பீய்ச்சுங்கள். அணு வெடித்து, ஹீமோகுளோபின் அடித்துச் செல்லப்பட்டு, அடிச்சவ்வு மட்டும் உட்பக்கம் மேலே தெரியும்படி கண்ணாடியில் ஒட்டி நிற்கும். செந்நிறம் முழுவதும் போய்விடும்.

இதில் வேகம் முக்கியம். உப்பு மிகக் குறைந்த பஃபரில், வெப்பத்தில் வைத்தால் ஸ்பெக்ட்ரின் சவ்விலிருந்து கழன்று வெளியேறிவிடும். ஸ்பெக்ட்ரினைப் பிரித்தெடுப்பதற்கான வழியே அதுதான். எல்லாம் பனிக்கட்டியில், பீய்ச்சிய உடனே நிலைப்படுத்தும் கரைசல். பஃபரில் புரதச்சிதைவுத் தடுப்பான் ஒன்றும் இருக்கட்டும். சவ்வு கண்ணாடியில் இழுபட்டிருக்கும் என்பதால் முடிச்சு இடைவெளி சற்று விரிந்து தெரியலாம். உங்கள் எண்ணை மற்றவர்கள் எண்ணோடு ஒப்பிடும்போது அணுவை எப்படி ஒட்டினார்கள் என்று முதலில் பாருங்கள்.

சாயமேற்றுதல்

சாயம் தேர்வில் சிவப்பணுவுக்குப் பெரிய தயக்கம் இல்லை. ஹீமோகுளோபின் 415 நானோமீட்டரில் மிகக் கடுமையாகவும், 540 முதல் 577 வரை கணிசமாகவும் ஒளியை உறிஞ்சும். 630க்கு மேல் அதன் தொல்லை மிகவும் குறைந்துவிடும். அதே பகுதியில்தான் டி-ஸ்டார்முக்கு மிகச் சிறந்த சாயமான அலெக்சா ஃப்ளூர் 647 வேலை செய்கிறது. முதல் ஓராண்டுக்கு ஒரே நிறம் போதும் என்பேன். இரண்டு நிறத்தில் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், ஆனால் நிறங்களுக்கு இடையிலான விலகலைத் திருத்துவது தனியாகக் கற்க வேண்டிய வேலை.

ஆன்டிபாடியில் நேரடியாகச் சாயம் இணைத்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஒற்றைக் கையுள்ள ஃபேப் துண்டு இன்னும் நல்லது, மிகச் சிறிய ஆன்டிபாடித் துண்டான நானோபாடி கிடைத்தால் எல்லாவற்றையும்விட நல்லது. நானோபாடியின் அளவு 4 நானோமீட்டர் அளவுதான். இரண்டாம் ஆன்டிபாடி தவிர்க்க முடியாதபோது பயன்படுத்துங்கள், ஆனால் ஒரு புரதத்தின்மேல் பல சாயங்கள் ஏறும் என்பதை மறக்காதீர்கள்.

ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க 5 சதவீத அல்புமினில் அரைமணி நேரம் தடுப்பு, முதல் ஆன்டிபாடி ஒரு மணி நேரம், மூன்று கழுவல், தேவைப்பட்டால் இரண்டாவது ஆன்டிபாடி முப்பது நிமிடம் இருட்டில், மீண்டும் கழுவல். கடைசியில் மறுபடியும் நிலைப்படுத்துங்கள், ஐந்து பத்து நிமிடம் போதும். படமெடுக்கும் நேரத்தில் ஆன்டிபாடி கழன்று மிதக்காமல் இருக்கும்.

கூடவே தயாரிக்க வேண்டிய ஒப்பீட்டு மாதிரிகளை இப்போதே தயாரித்துவிடுங்கள், இன்னொரு நாள் என்று தள்ளிவைத்தால் நடக்காது. முதல் ஆன்டிபாடி இல்லாதது ஒன்று. தொடர்பில்லாத அதே வகை ஆன்டிபாடி இட்டது ஒன்று. கிளைக்கோஃபோரினுக்கு அழகான ஒரு சோதனை உண்டு: உயிருள்ள அணுக்களை முதலில் புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சினில் வைத்துக் கழுவிவிட்டுச் சாயமேற்றுங்கள். டிரிப்சின் கிளைக்கோஃபோரின் ஏ-யின் வெளிநுனியை வெட்டிவிடும், முழு அணுவில் பேண்ட் 3-ஐ வெளியிலிருந்து வெட்டாது. நுனியைப் பிடிக்கும் ஆன்டிபாடியின் ஒளி மறைய வேண்டும். மறையாவிட்டால் ஆன்டிபாடி வேறெதையோ பிடிக்கிறது, அல்லது சவ்வுக்கு அருகிலான பகுதியைப் பிடிக்கும் வகை அது. விவரக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மினுக்கல் பஃபர்

50 மில்லிமோலார் டிரிஸ் பிஎச் 8, 10 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 10 சதவீதம் குளுக்கோஸ். இதில் மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளுக்கோஸ் ஆக்சிடேஸ், 40 மைக்ரோகிராம் கேட்டலேஸ். இவை ஆக்சிஜனை நீக்கும். சாயத்தை இருட்டு நிலைக்குத் தள்ளுவது சிஸ்டியாமின், 10 முதல் 100 மில்லிமோலார். நாற்றம் அடிக்கும், புகைப்போக்கி அறையில் கரையுங்கள். 1 மோலார் கரைசலாகச் சிறு குழாய்களில் உறைய வைத்து, ஒரு குழாயை ஒரு தடவை மட்டும் உருக்கிப் பயன்படுத்துங்கள்.

எல்லாவற்றையும் கடைசி நிமிடத்தில் கலந்து, காற்று புகாமல் மூடுங்கள். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் குளுக்கோனிக் அமிலத்தை உண்டாக்குவதால் பிஎச் இறங்கிக்கொண்டே போகும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள். மதியம் எடுத்த படங்கள் காலைப் படங்களைவிட மோசமாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பஃபரைத்தான்.

நுண்ணோக்கியில்

லென்ஸ் 100 மடங்கு, எண் துளை 1.49 இருந்தால் நல்லது. சிவப்பணுவின் உட்திரவத்தில் ஹீமோகுளோபின் அடர்த்தியாக இருப்பதால் ஒளிவிலகல் எண் 1.40 வரை போகும், மற்ற அணுக்களைவிட அதிகம். 1.45 லென்ஸில் டர்ஃப் கோணம் கைக்கு எட்டும் எல்லையில் நிற்கும், 1.49இல் நிம்மதியாக வரும். கூரை கழற்றிய சவ்வுக்கு இந்தத் தொல்லை இல்லை. மிதக்கும்போதே நிலைப்படுத்திய முழு அணுவுக்கு டர்ஃபைவிடக் கோணத்தைச் சற்றுக் குறைத்த சாய்வு ஒளி பொருத்தம்.

நுண்ணோக்கியை ஒரு மணி நேரம் முன்பே இயக்கி வையுங்கள். குளிர்சாதனக் காற்று நேராக மேடைமேல் வீசினால் படம் முழுதும் நகரும். நகர்வைத் திருத்துவதற்கு 100 நானோமீட்டர் தங்கத் துகள்களையோ ஒளிரும் மணிகளையோ கண்ணாடியில் சிதறவிடுங்கள், ஒரு பார்வைப்புலத்தில் மூன்று நான்கு இருந்தால் போதும்.

முதலில் குறைந்த ஒளியில் சாதாரணப் படம் ஒன்று எடுத்து வையுங்கள், பின்னால் ஒப்பிடக் கட்டாயம் தேவைப்படும். அப்புறம் 640 நானோமீட்டர் லேசரை முழு வலுவுக்கு ஏற்றுங்கள், சதுர சென்டிமீட்டருக்குக் கிலோவாட் அளவில் வேண்டும். சில வினாடிகள் திரை முழுதும் வெளிச்சமாக இருந்து, பின் அணைந்து, தனித்தனியாக மின்னத் தொடங்கும். எந்த ஒரு படத்திலும் இரண்டு மினுக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது. விழுந்தால் கணினி இரண்டுக்கும் நடுவில் இல்லாத ஒரு புள்ளியை வைக்கும், இது மூன்றாவது பொய்க் கொத்து. அடர்த்தி குறையும்வரை காத்திருங்கள். மினுக்கல் மிகவும் அருகிய பிறகு, அணைந்த சாயங்களை மீண்டும் எழுப்ப 405 நானோமீட்டர் லேசரைத் துளித்துளியாக ஏற்றுங்கள்.

ஒரு படத்துக்கு 10 முதல் 20 மில்லிவினாடி, மொத்தம் 20,000 முதல் 60,000 படங்கள். கேமரா பிக்சல் மாதிரியின்மேல் 100 முதல் 160 நானோமீட்டர் அளவில் விழ வேண்டும். ஒப்பீட்டு மாதிரிகளையும் அதே லேசர், அதே படங்கள், அதே பஃபரில் எடுங்கள். ஒப்பீட்டு மாதிரியில் ஒன்றும் தெரியவில்லையே என்று பாதியில் நிறுத்திவிடுவது எல்லோரும் செய்வது. முழுதாக எடுத்தால்தான் எண்ணி ஒப்பிட முடியும்.

கணினியில்

ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளோடு இணையும் தண்டர்ஸ்டார்ம் இலவசம், தொடங்குவதற்கு அதுவே போதும். பிக்காசோவும் இலவசம்தான். வேலை நான்கு கட்டம்: புள்ளிகளைக் கண்டுபிடித்து மையத்தைப் பொருத்துதல், மோசமானவற்றை வடிகட்டுதல், நகர்வைத் திருத்துதல், அடுத்தடுத்த படங்களில் அதே இடத்தில் தொடரும் மினுக்கலை ஒன்றாக்குதல்.

மையத்தின் துல்லியம் எவ்வளவு என்பது ஃபோட்டான்களைப் பொறுத்தது. புள்ளியின் அகலத்தை ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அடிப்படை அளவு வரும். 130 நானோமீட்டர் அகலம், 1,000 ஃபோட்டான் என்றால் 4 நானோமீட்டர். பின்னணி ஒளியும் நகர்வும் சேர்ந்து நடைமுறையில் இது 10ஐத் தாண்டும். அதன்மேல் ஆன்டிபாடியின் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மென்பொருள் 6 நானோமீட்டர் என்று காட்டினால் உங்கள் புரதத்தின் இடம் 6 நானோமீட்டருக்குத் தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது சாயத்தின் இடம்.

கொத்து உண்மையா?

இதுதான் முக்கியமான இடம், இங்கே அவசரப்படாதீர்கள். ஒரே அலெக்சா 647 மூலக்கூறு அணைந்து அணைந்து பலமுறை மின்னும். ஓர் ஆன்டிபாடியில் இரண்டு மூன்று சாயங்கள் இருக்கும். ஆகவே தனியாக நிற்கும் ஒரே ஒரு புரதம்கூட இருபது முப்பது புள்ளிகள் கொண்ட அழகான கொத்தாகத் தெரியும். இரவு வானத்தைத் திறந்த ஷட்டரில் படமெடுத்து, ஒரே நட்சத்திரத்தின் மினுமினுப்பைப் பல நட்சத்திரங்களாக எண்ணுவதற்கு இது சமம். டிபிஸ்கேன், ரிப்லி கே போன்று கொத்துகளைத் தேடும் கணக்கு முறைகள் எல்லாம் இதைக் கொத்து என்றே சொல்லும். அவற்றின்மேல் தவறில்லை, நாம் கொடுத்த புள்ளிகள் அப்படி.

உண்மையைப் பிரித்தறிய மூன்று சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, உங்கள் ஆன்டிபாடியை மிகவும் நீர்த்து, அணு இல்லாத கண்ணாடியில் தனித்தனியாக ஒட்டவைத்து, அதே நிலைமைகளில் படமெடுங்கள். தனி ஆன்டிபாடி ஒன்று எத்தனை புள்ளி தருகிறது, எவ்வளவு அகலம் விரிகிறது என்று தெரியும். சவ்வில் காணும் கொத்து இதே அளவில் இருந்தால் அது ஒரே ஆன்டிபாடிதான்.

இரண்டாவது, ஆன்டிபாடியின் செறிவை நான்கைந்து படிகளில் மாற்றிப் பாருங்கள். உண்மையான கொத்து என்றால் செறிவு கூடக்கூட ஒவ்வொரு கொத்துக்குள்ளும் புள்ளிகள் கூடும். பொய்க் கொத்து என்றால் கொத்துகளின் எண்ணிக்கை கூடும், ஒவ்வொன்றின் உள்ளடர்த்தி அப்படியே இருக்கும். நான் மிகவும் நம்புவது இந்தச் சோதனையைத்தான். செலவும் குறைவு.

மூன்றாவது, அதே அணுவின் எல்லைக்குள் அதே எண்ணிக்கை மூலக்கூறுகளைக் கணினியில் தற்செயலாகப் பரப்பி, கண்ணாடிச் சோதனையில் கிடைத்த மினுக்கல் குணத்தை ஒவ்வொன்றுக்கும் கொடுத்து, உண்மைப் படத்தோடு ஒப்பிடுங்கள். விளிம்பில் சவ்வு செங்குத்தாக எழுவதால் அங்கே புள்ளிகள் குவியும். அந்தப் பகுதியைக் கணக்கிலிருந்து வெட்டிவிடுங்கள், அல்லது உருளை லென்ஸ் வைத்து முப்பரிமாணத்தில் எடுங்கள்.

ஒவ்வொரு கொடையாளரையும் ஒரு தரவாக எண்ணுங்கள். ஒரே ஆளின் ஐம்பது அணுக்கள் ஐம்பது சோதனைகள் ஆகிவிடாது. குறைந்தது மூன்று பேர், முடிந்தால் ரத்தவகையும் குறித்து வையுங்கள்.

இந்த முறை ஒத்துவராதபோது

மினுக்கல் எண்ணிக்கைதான் உங்கள் தலைவலி என்றால் டிஎன்ஏ-பெயின்ட் முறைக்குப் போங்கள். குறும் டிஎன்ஏ இழைகள் வந்து ஒட்டிப் பிரிவதால் மினுக்கல் உண்டாகிறது, சாயம் அழிவதைப் பற்றிய கவலையும் சிஸ்டியாமின் நாற்றமும் இல்லை. நேரம்தான் அதிகம். மாதிரியையே ஜெல்லில் வைத்து நான்கு மடங்கு விரிக்கும் எக்ஸ்பான்ஷன் முறை 2015இல் வந்தது, கான்ஃபோகல் நுண்ணோக்கி மட்டும் உள்ள ஆய்வகங்களுக்கு அது நல்ல வாய்ப்பு. ஒளிரும் புள்ளியின் விளிம்பை இன்னொரு லேசரால் அணைத்துச் சுருக்கும் ஸ்டெட் முறை வேகமானது, ஆனால் முழுச் சிவப்பணுவில் ஹீமோகுளோபின் அதன் வலுவான லேசரால் சூடாகும் ஆபத்து உண்டு, கூரை கழற்றிய சவ்வில் மட்டும் முயலுங்கள்.

நோயாளிகளின் அணுக்களுக்குப் போகும் முன் இயல்பான அணுவில் உங்கள் எண்கள் நிலையாக வருகின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். சிவப்பணுக்கள் உருண்டையாகிவிடும் பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸ் நோயில் பெரும்பாலும் ஸ்பெக்ட்ரின், ஆன்கிரின், பேண்ட் 3 போன்றவற்றில் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். மருத்துவமனைகளில் இதற்கு ஈஓசின்-5-மாலிமைடு என்ற சாயத்தைப் பேண்ட் 3-இல் ஒட்டவைத்து, அணுக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்ப்பார்கள். அந்த எண்ணும் உங்கள் படத்தின் எண்ணும் ஒரே திசையில் போகின்றனவா என்பது நல்ல குறுக்குச் சோதனை. ஃபால்சிபாரம் மலேரியா தொற்றிய அணுவின் மேற்பரப்பில் தோன்றும் புடைப்புகள் 100 நானோமீட்டர் அளவில் இருப்பதால், இந்த முறைக்கு மிகப் பொருத்தமான இலக்கும் அவைதான்.

சேமிப்பு பற்றி ஒரு வார்த்தை. 256க்கு 256 பிக்சல், 16 பிட், 30,000 படங்கள் என்றால் ஒரே அணுவுக்கு 4 ஜிபி. புள்ளிப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு மூலப்படங்களை அழிக்காதீர்கள், மினுக்கல்கள் மேற்பொருந்தியதா என்று பின்னால் கேட்பவர்களுக்கு அதில்தான் பதில் இருக்கிறது. ஒவ்வொரு கோப்போடும் லேசர் வலு, படநேரம், பஃபர் கலந்த நேரம், ஆன்டிபாடியின் தொகுதி எண், அணுவை முதலில் நிலைப்படுத்தினீர்களா முதலில் ஒட்டினீர்களா என்பதையும் எழுதி வையுங்கள்.